உரிமையாளருக்கு அறிவிப்பு போகும்

"கம்பியை எடுத்துவிட்டால் என்ன ஆகும், சார்?" என்று அழைத்த பெண் கேட்டார். வீட்டுக் கண்காணிப்புக் கேமரா நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் அழைப்புகளை எடுப்பவன் நான். "கேமரா ஆஃப்லைன் ஆகிவிடும் மேடம், உடனே உரிமையாளருக்கு அறிவிப்பு போகும்" என்று நான் சொன்னேன். அதன் பிறகு எதிர்முனையில் வெகுநேரம் பேச்சில்லை. கடைசியில், "அப்படியானால் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். நான் அந்த அழைப்புக்கான பதிவில், நாங்கள் டிக்கெட் என்று சொல்வதில், "தகவல் வழங்கப்பட்டது" என்று குறித்து, அதை மூடிவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தேன். இது நடந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிறது. இந்த மூன்று வரிப் பேச்சை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவர் கேட்டது சிக்கலான ஒன்றல்ல. கூடத்தில் ஒரு கேமரா, படுக்கையறைக்குப் போகும் வழியில் இன்னொன்று. இரண்டும் வேறொருவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தன. அந்த நபர் இப்போது அந்த வீட்டில் இல்லை, ஆனால் பார்க்கிறார். அவரை நீக்கிவிட்டுத் தன் பெயரில் மாற்றித் தர வேண்டும் என்பதே கோரிக்கை. அந்த நபர் அவருக்கு என்ன உறவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் உறவுக்கு இடமில்லை. உரிமையாளர் என்றும், உரிமையாளர் அழைத்துச் சேர்த்துக்கொண்ட பயனர் என்றும் இரண்டு வகை மனிதர்களைத்தான் எங்கள் திரை அறியும். இவரோ அந்தச் செயலியைத் தம் கைப்பேசியில் நிறுவியதுகூட இல்லை. "இந்த வீட்டில் இருப்பது நான்தான், சார்" என்று இரண்டு முறை சொன்னார். பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் கணக்கில் எதையும் மாற்ற முடியும் என்று இரண்டு முறையும் நான் பதில் சொன்னேன்.

அந்தப் பதில் தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2012 ஆகஸ்டில் வயர்ட் இதழின் செய்தியாளர் மேட் ஹோனனின் கணக்குகளைச் சிலர் கைப்பற்றினார்கள். அதற்கு அவர்கள் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. அமேசானின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பேசி உள்ளே நுழைந்து, அவருடைய கடன் அட்டையின் கடைசி நான்கு எண்களைத் தெரிந்துகொண்டார்கள். அந்த எண்களையும் அவருடைய முகவரியையும் சொல்லி ஆப்பிளின் சேவைப் பிரிவிடம் தற்காலிகக் கடவுச்சொல்லைப் பெற்றார்கள். பிறகு அவருடைய கைப்பேசி, ஐபேட், மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். மகளின் படங்கள் உட்பட மடிக்கணினியில் இருந்தவை அத்தனையும் போயின, பிறகு பெரும்பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. அந்த அழைப்புகளை எடுத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம். யாரோ ஒருவர் தம் கணக்கை இழந்து தவிக்கிறார், அவருக்கு உதவுகிறோம் என்று நம்பித்தான் அவர்களும் உதவியிருப்பார்கள். ஒரு குரலை மட்டும் கேட்டு, அதன் பின்னால் இருக்கும் கதை மெய்யா பொய்யா என்று முடிவெடுக்கும் உரிமை எனக்கு இருக்கக் கூடாது என்பதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். இதே சொற்களுடன், இதே நடுக்கத்துடன், பார்க்கக் கூடாத ஒருவர் நாளை அழைத்து அந்தப் பெண்ணின் கேமராவையே கேட்கக்கூடும்.

ஆகவே கணக்கை மாற்றித் தராதது என்னை உறுத்தவில்லை. உறுத்துவது அறிவிப்பைப் பற்றி நான் சொன்ன அந்த வரிதான்.

கேமராவின் இணைப்பு அறுந்தால் உரிமையாளருக்குச் செய்தி போகும் ஏற்பாடு திருடர்களுக்காகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் நுழைபவன் முதலில் மின்கம்பியைப் பிடுங்குவான், அப்போது வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அது தெரிய வேண்டும். கம்பியைப் பிடுங்கும் கை திருடனுடையதா, அந்த வீட்டிலேயே வாழும் ஒருவருடையதா என்று கேமராவுக்குத் தெரியாது. பின்புறத் துளையில் ஊசியை அழுத்தி ரீசெட் செய்தாலும் அது பழைய கணக்கையே கேட்டு நிற்கும், ஏனென்றால் திருடிய பொருளைத் திருடன் தன் பெயரில் மாற்றிக்கொள்ளக் கூடாது. காணொலிகள் கிளவுடில் போய்ச் சேர்வதும், அங்கே மறைகுறியாக்கம் செய்யப்படுவதும் வெளியாளிடமிருந்து காப்பதற்காகத்தான். இத்தனை பூட்டுகளையும் ஒருவர் கவனத்தோடு யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் அவை அனைத்தும் சேர்ந்து அவரையே வெளியாளாக எண்ணி வேலை செய்துகொண்டிருந்தன.

என் வரிக்கு வருகிறேன். அறிவிப்பு போகும் என்று நான் அவரை எச்சரித்தேனா, அச்சுறுத்தினேனா? சொல்லாமல் விட்டிருந்தால், அவர் கம்பியைப் பிடுங்கியிருப்பார். அடுத்த நிமிடமே மறுமுனையில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். அதன் விளைவு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து முடிவெடுப்பது அவர் உரிமை, ஆகவே சொன்னது சரி. இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அத்தோடு நிறுத்திவிட்டேன். வைஃபை வேறொருவர் பெயரில் இருந்தாலும் ரவுட்டர் அவர் வீட்டில்தான் இருக்கிறது, அதை அணைத்தால் உரிமையாளருக்குப் போவதும் மின்தடைக்குப் பின் போவது போன்ற ஓர் அறிவிப்புதான் என்று நான் சொல்லவில்லை. லென்ஸின் மேல் ஒரு துணி நழுவி விழுந்தால் ஆஃப்லைன் அறிவிப்பு வராது என்றும் சொல்லவில்லை. இவை எனக்குத் தெரியும். இவற்றைச் சொல்வது உரிமையாளருக்கு எதிராக வேலை செய்வதாகுமே என்ற தயக்கம் அந்த நொடியில் என் நாக்கைக் கட்டியது. அந்த உரிமையாளருக்குச் சம்பளம் வாங்காத காவலாளியாக நான் ஏன் ஆனேன் என்பதற்கு என்னிடம் விடையில்லை. துணியைப் பற்றிச் சொல்லியிருந்தால், திடீரென்று மறைந்த படத்தைப் பார்த்தவர் சும்மா இருந்திருப்பாரா என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

பொருளுக்கு உரியவர் அல்லாதவரையும் கணக்கில் எடுத்துக்கொண்ட கருவிகள் இல்லாமல் இல்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பை, சாவி போன்றவற்றில் வைத்தால் அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ஏர்டேக் வில்லையை வெளியிட்டபோது, முன்பின் தெரியாத ஒரு வில்லை தம்முடனேயே நகர்ந்தால் ஐபோன் வைத்திருப்பவரை அது எச்சரித்தது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களுக்கென ஒரு செயலி வந்தது, ஆனால் அவர்களே திறந்து தேடினால்தான் அது காட்டும். 2023 ஜூலையில்தான் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் ஏர்டேக்கைப் பற்றித் தாமாகவே எச்சரிக்கத் தொடங்கின; 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் பொதுவான ஒரு முறையை இரு தரப்புக் கைப்பேசிகளிலும் கொண்டுவந்தன. பையைத் திருடியவனுக்கும் அந்த எச்சரிக்கை போய்விடுமே என்ற வாதம் அங்கேயும் எழுந்தது. எழுந்தும், பின்தொடரப்படுபவர் பக்கம் நிற்பது என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் கையெழுத்தான ஒரு சட்டம், வீட்டு வன்முறைக்கு ஆளானவர் கேட்டால், ஒரே கணக்கில் பலருடைய இணைப்புகள் இருக்கும் கூட்டுத் திட்டத்திலிருந்து அவருடைய கைப்பேசி இணைப்பை இரண்டு வேலை நாட்களுக்குள் பிரித்துத் தர வேண்டும் என்கிறது. கணக்கு வைத்திருப்பவரின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. அந்தச் சட்டமும் கைப்பேசி இணைப்போடு நின்றுவிடுகிறது, சுவரில் இருக்கும் கேமராவைத் தொடவில்லை. இவற்றையெல்லாம் எழுதி, குடியிருப்பவர் என்று மூன்றாவதாக ஒரு வகை வேண்டும் என்று எங்கள் தயாரிப்புக் குழுவுக்கு ஒரு மடல் அனுப்பினேன். குடியிருப்பவர் என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியவில்லை.

இதைவிட மோசமான ஒன்றை நான் செய்திருந்தேன், அது மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. டிக்கெட்டை மூடும்போது குறிப்புப் பகுதியில், பொறுப்பான ஊழியன் செய்வதைப் போல, "வீட்டில் வசிக்கும் பெண் அழைத்தார், உரிமையாளரின் அணுகலை நீக்கக் கோரினார், மறுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். டிக்கெட் கேமராவின் வரிசை எண்ணோடு இணைக்கப்படும். உரிமையாளர் எப்போதாவது அழைத்தால், அதை எடுக்கும் என் சக ஊழியரின் திரையில் முதலில் தெரிவது அந்தக் குறிப்புத்தான். "முன்பே ஒருமுறை அழைத்திருக்கிறீர்களே, சார்" என்று அவர் இயல்பாகக் கேட்டுவிடலாம், அப்படிக் கேட்பதுதான் நல்ல சேவை என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். மூடிய டிக்கெட்டில் எழுதியதை அழிக்க முடியாது, கீழே சேர்க்க மட்டுமே முடியும். "மேற்கண்ட குறிப்பை உரிமையாளரிடம் தெரிவிக்க வேண்டாம்" என்று சேர்த்தேன். சேர்த்த பிறகு அது முன்பைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஓடிபி கேட்ட நான், அவரைப் பற்றிய செய்தியை யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய பெயரைக்கூட எழுதவில்லை என்பது ஆறுதலாகாது. அந்த வீட்டில் வசிக்கும் பெண் யார் என்று தெரிய வேண்டியவருக்குப் பெயர் தேவையில்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கேமராக்களில் மைக் உண்டு. அசைவோ சத்தமோ கேட்டால் பதிவு தொடங்கும். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் பேசினார், நான் ஒருமுறை "கொஞ்சம் சத்தமாகப் பேச முடியுமா, மேடம்" என்றும் கேட்டேன். அவர் எங்கே நின்று பேசினார் என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் நின்று பேசியிருந்தால், அந்த உரையாடலில் அவருடைய பாதி முழுவதும் மறுமுனைக்குப் போயிருக்கும், என் அறிவிப்புப் பற்றிய எச்சரிக்கைக்குப் பொருளே இருந்திருக்காது. இல்லை, வெளியே வந்துதான் பேசியிருப்பார், என்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது, கேமராவைப் பற்றிப் பேச அழைப்பவர் உரிமையாளர் இல்லை என்று தெரிந்தால், எதற்கும் முன்பாக, "நீங்கள் பேசுவது கேமராவுக்குக் கேட்கும் இடத்தில் இருந்தா?" என்று கேட்கிறேன். இதனால் வாடிக்கையாளர்கள் வீணாகப் பதறுகிறார்கள் என்று தர மதிப்பீட்டில் இரண்டு முறை மதிப்பெண் குறைத்தார்கள். ஒருவர் சிரித்தார். போன மாதம் ஒருவர், "ஒரு நிமிஷம், சார்" என்றார். நடக்கும் சத்தமும், கதவு ஒன்று திறந்து மூடும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் தம் பெயரைச் சொன்னார்.