கால் அங்குலத்துக்குக் கை பழகுகிறது

புதுத் தையல் மெஷின் வந்து இரண்டு வாரம் ஆகிறது, இப்போதுதான் அதன் வேகம் கைக்குப் பிடிபடுகிறது. துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட்டில் எல்லாமே துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிப் போடும் தையலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் அளவு விலகினாலும் எட்டுத் துண்டு சேர்ந்ததும் கட்டம் கோணிக்கொள்ளும், அதனால் ஊசியிலிருந்து அளந்து மெஷின் தட்டில் டேப் ஒட்டிவிட்டேன்.

அப்புறம் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தபோது மேல்துணி மட்டும் நகர்ந்து சுருக்கம் விழுந்தது. மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி, தையல் நீளத்தை 2.5 மி.மீ.யிலிருந்து 3-க்கு ஏற்றியதும் சரியானது. அடியில் நூல் கொசகொசவென்று சிக்கினால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் மேல்நூல்தான் காரணம். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கி வைத்து மறுபடி கோத்துப் பாருங்கள்.

நேற்று நான்கு துண்டுகளின் முனையும் ஒரே புள்ளியில் சேர்ந்தன. விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.