பெரியப்பாவின் முழங்கால்: ஓர் ஆய்வகக்காரனின் நாட்குறிப்பு

ஜூலை 9, 2019, யாங்கோன், மியான்மர்

பெகுவிலிருந்து பெரியப்பாவை அண்ணன் இன்று மாலை நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். நடவுக்காகப் பல நாள்கள் முழங்காலளவு சேற்றில் நின்றவர். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை நினைத்தால் விழுங்குவார், இல்லையென்றால் இல்லை. வலது முழங்கால் ஐந்து நாள்களாக வீங்கிக் கொதிக்கிறது, விரலளவு அசைத்தாலும் அலறுகிறார். ஊரில் ஒரு மருந்தகத்தில் வாதம் என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு, பெயர் எழுதாத உறையில் ஏதோ ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மூட்டு நீரை எடுக்காமல் அந்த மாத்திரையைக் கொடுத்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. கிருமி அரைகுறையாக அடங்கிவிட்டால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளராமல் போகலாம், ஆனால் உள்ளே குருத்தெலும்பு அழிவது நிற்காது.

பணி மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், எலும்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தொடக்கத்தில் தெரியாது, எலும்பில் தொற்று இருந்தாலும் அது எக்ஸ்ரேயில் துலங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே காத்திராமல் ஊசியால் மூட்டு நீரை உறிஞ்சினார். மோர் போல் கலங்கிய மஞ்சள் நீர் வந்தது. இரத்தக் கல்ச்சருக்கும் எடுத்த பிறகே முதல் மருந்தாகச் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றினார்கள். இரவிலேயே மூட்டைத் திறந்து கழுவிவிட்டார்கள்.

ஜூலை 10

மூட்டு நீரில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 80,000க்கு மேல். 50,000ஐத் தாண்டினாலே சீழ்மூட்டு, அதாவது மூட்டில் கிருமித் தொற்று, என்று ஐயப்பட வேண்டும். கௌட் என்ற மூட்டு வாதத்தைக் காட்டும் யூரிக் அமிலப் படிகங்கள் இல்லை. இருந்திருந்தாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்து இருப்பதுண்டு.

கிருமிகளைப் பிரித்தறிய ஏற்றும் கிராம் சாயத்தில் சிவப்புக் கோல் வடிவக் கிருமிகள் தெரிந்தன. மூட்டுச் சீழில் நாங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் ஊதாக் கொத்துகளை. இவையோ இரு முனைகளிலும் அடர்ந்து, நடுவில் வெளிறி, ஊக்கு போல் இருந்தன. வயல், மழை, சர்க்கரை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது: மெலியாய்டோசிஸ். சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது, சர்க்கரை நோயாளிகளை எளிதில் பற்றுவது.

ஜூலை 13

அவசரப்பட்டிருந்தால் இன்று தவறியிருப்போம். கல்ச்சர் தட்டில் வளர்ந்ததை உடன் பணியாற்றும் இளைஞர் "சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்தது" என்று எழுதப் போனார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவும் போனார், தடுத்துவிட்டேன். இந்தக் கிருமியை முகர்ந்து பார்ப்பது ஆபத்து. பாதுகாப்பு அறைக்கு மாற்றி மூன்று ஆன்டிபயாடிக் வில்லைகள் வைத்தோம். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அது மசியவில்லை, கோ-அமாக்சிக்லாவைச் சுற்றி மட்டும் வளராமல் விலகியது. வழக்கமான சூடோமோனாஸ் ஏறக்குறைய இதற்கு நேர்மாறாக நடக்கும். கிருமி பர்க்ஹோல்டேரியா சூடோமாலை, நோய் நான் நினைத்த மெலியாய்டோசிஸ்தான்.

இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே நகரத்தில்தான். 1911இல், ரங்கூன் என்று அழைக்கப்பட்ட இந்நகரில் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும், குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போன்ற சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். ஆனால் இந்தக் கிருமி நகர்ந்தது, விரைவாகவும் வளர்ந்தது, ஆகவே இது வேறு நோய் என்று அறிந்து 1912இல் எழுதினார்கள். விட்மோர் நோய் என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியை யாரும் நினைப்பதில்லை.

மதியமே மருந்தை மாற்றினார்கள். செஃப்டாசிடிம் 2 கிராம், ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை. எலும்பையும் மூட்டையும் பற்றியது என்பதால் கோ-டிரைமாக்சசோல் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தன.

ஜூலை 15

காய்ச்சல் விடவில்லை. பெரியம்மா மருந்தின் மேல் நம்பிக்கை இழந்து அழுகிறார். இந்நோயில் சரியான மருந்துக்கும் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டி நீடிப்பது வழக்கம் என்று சொல்லித் தேற்றினேன். எனினும் மூட்டில் மீண்டும் நீர் சேர்ந்திருந்தது, இரண்டாம் முறை கழுவினார்கள். சீழ் தேங்கிய இடத்தில் எந்த மருந்தும் முழுதாக வேலை செய்வதில்லை.

ஜூலை 29

எம்.ஆர்.ஐ.யில் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை மஜ்ஜையிலும் தொற்று தெரிந்தது. மூட்டு மட்டும் என்றால் நான்கு வார ஊசி போதுமாக இருந்திருக்கும். இனி, கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து ஆறு வாரம். காய்ச்சல் நின்று நான்கு நாள்கள் ஆகின்றன, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு குறைந்து வருகிறது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்கள்.

ஆகஸ்ட் 26

இன்று கடைசி ஊசி. இனி ஆறு மாதங்கள் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை; இடையிடையே சிறுநீரகத்தையும் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். நலமானதாக நினைத்து நிறுத்திவிட்டால் நோய் மீண்டு வரக்கூடும் என்பதைப் பெரியம்மாவிடமும் தனியாகச் சொல்லிவிட்டேன். முழங்கால் முழுதாக மடங்கவில்லை. அண்ணன் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். பெரியப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு சேற்றில் எப்படியடா நாற்று நடுவது?" என்றார்.