கோடை வேலைத் திட்டத்தின் பில்லை யார் கட்டுவது?

அமெரிக்க நகரங்களில் பள்ளி விடுமுறை விட்டதும், பெரும்பாலும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு வேலை கொடுக்கும் திட்டம் தொடங்கிவிடும். நூலகம், பூங்கா, முதியோர் இல்லம், சிறுவர் முகாம் என்று எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்புவார்கள். நியூயார்க்கில் 1963 முதல் நடக்கிறது. தலைநகர் வாஷிங்டனில் மேரியன் பேரி மேயராக வந்த 1979இல் ஆரம்பித்தது. வெளியே ஒரு பெயர், ஒரு டி-ஷர்ட், ஒரே மேயர் படம். கணக்குப் புத்தகத்தில் மட்டும் மூன்று நான்கு அலுவலகங்களின் பணம் கிடக்கும். அந்தப் பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தத் தலைவலி எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. 1982ஆம் ஆண்டின் மத்திய வேலைப் பயிற்சிச் சட்டத்தில் கோடை வேலைக்கென்றே தனி நிதி இருந்தது. 1998இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டு, ஆண்டு முழுவதற்குமான இளைஞர் நிதிக்குள் கோடை வேலையையும் ஒரு அங்கமாகச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டு நடுவில் அது முழுதாக நடைமுறைக்கு வந்ததும் நகரங்கள் வேறு பணத்தைத் தேடத் தொடங்கின. கண்ணில் பட்டது, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) நலத்துறை கையில் இருந்த டானிஃப் (TANF) நிதி. ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகை நிதி அது. 1996இலிருந்து நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர்.

தொழிலாளர் துறையும் நலத்துறையும் நிஜமாகவே கை கோத்தது 2009, 2010இல்தான். பொருளாதாரச் சரிவுக்குப் பின் வந்த ஊக்கச் சட்டம் இளைஞர் பயிற்சிக்கு 120 கோடி டாலரும், டானிஃபின் அவசர நிதிக்கு 500 கோடி டாலரும் ஒதுக்கியது. மானியச் சம்பள வேலைகளுக்கு மாநிலம் முன்பைவிடக் கூடுதலாகச் செலவு செய்தால், அந்தக் கூடுதலில் 80 சதவீதத்தை மத்திய அரசு திருப்பித் தரும். மீதி 20 சதவீதத்துக்கு ரொக்கம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை கொடுப்பவர் பிள்ளைகளை மேற்பார்க்கும், பழக்கும் நேரத்தின் மதிப்பையும் செலவாகக் காட்டலாம். சம்பளத்தில் 25 சதவீதம் வரை அதற்கு ஏற்கத்தக்க மதிப்பு என்று சொல்லிவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: சம்பளம் 100, மேற்பார்வை 25, மொத்தம் 125. அதில் 80 சதவீதம் சரியாக 100. சம்பளம் முழுதும் திரும்பி வந்துவிடும். நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த நிதியில் வேலை கிடைத்தது. அதில் ஏறக்குறைய பாதி கோடை இளைஞர்கள். 2010 செப்டம்பர் 30இல் நிதி முடிந்தது. இனி அப்படி ஒரு கணக்கு வருமா என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் தொழிலாளர் அலுவலகமும் நலத்துறையும் ஒரே சம்பளப் பட்டியலில் உட்காரலாம் என்ற பழக்கம் அப்போது வந்ததுதான்.

இன்றைய நிலைக்கு வருவோம். தொழிலாளர் துறைப் பணம் 2014ஆம் ஆண்டின் வியோவா (WIOA) என்ற வேலைப் பயிற்சிச் சட்டப்படி வருகிறது. அதில் இளைஞர் நிதியின் 75 சதவீதம் பள்ளியில் இல்லாதவர்களுக்கு, அதாவது 16 முதல் 24 வயது வரையிலானவர்களுக்குப் போக வேண்டும். விலக்கு வாங்கி இதை 50 சதவீதமாகக் குறைத்துக்கொண்ட மாநிலங்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், செப்டம்பரில் மறுபடி வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளை “பள்ளியில் இருப்பவர்” கணக்கில்தான் வரும்; ஜூலையில் வீட்டில் சும்மா இருக்கிறது என்பதால் கணக்கு மாறாது. கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கூட்டமோ பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதனால் வியோவா பணம் மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கோடைத் திட்டம் நடத்த முடியாது. மறுபக்கம், அதே நிதியில் குறைந்தது 20 சதவீதம் வேலை அனுபவத்துக்குச் செலவாக வேண்டும். கோடை வேலை அதற்கு நல்ல வழி. சம்பளம் மட்டுமல்ல, வேலை இடம் தேடும் ஊழியரின் நேரமும் அந்த 20இல் சேரும். நிர்வாகச் செலவு சேராது.

டானிஃபின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை ஒரு ஏழைக் குடும்பத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும்: 18 வயதுக்குள், அல்லது முழுநேரப் பள்ளி மாணவராக 19க்குள், இல்லையென்றால் தானே பெற்றோராக இருக்க வேண்டும். வருமான வரம்பை மாநிலமே வைத்துக்கொள்ளலாம். வறுமைக்கோட்டின் 200 சதவீதம் பலர் வைக்கும் அளவு. சம்பள மானியம் “உதவித்தொகை” என்ற கணக்கில் வராது என்பதால் ஒரு குடும்பம் மத்திய டானிஃப் உதவித்தொகை வாங்குவதற்கான 60 மாத வரம்பில் ஒரு நாளும் கழியாது. பெற்றோர் பயந்து கையெழுத்துப் போட மறுப்பது பெரும்பாலும் இதைத் தெரியாமல்தான். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

ஆகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டானிஃப், படிப்பை விட்டவர்களுக்கு வியோவா, இரண்டிலும் அகப்படாதவர்களுக்கு நகரத்தின் பொதுநிதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிபந்தனை அதிகமுள்ள பணத்தை முதலில் செலவழிக்க வேண்டும், நிபந்தனை இல்லாததைக் கடைசிவரை கையில் வைத்திருக்க வேண்டும். ஜூன் மாதம் அவசரத்தில் பொதுநிதியில் நூறு பேரைச் சேர்த்துவிட்டு, ஆகஸ்டில் “இவர்களை டானிஃபுக்கு மாற்றலாமா” என்று கேட்கும் அலுவலகங்கள் உண்டு. சம்பளம் கொடுத்த பிறகு தகுதிச் சான்று தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் புரியும்.

ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். 400 பேர்: வியோவா 100, டானிஃப் 220, நகரம் 80. மணிக்கு 15 டாலர், வாரம் 25 மணி, 6 வாரம் என்றால் தலைக்குச் சம்பளம் 2,250. வேலை கொடுப்பவர் பங்கான சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65 சதவீதம், அது 172. விபத்துக் காப்பீடு 2 சதவீதம் என்று வைத்தால் 45. மொத்தம் 2,467 டாலர். இதில் சண்டையே இல்லை. பிள்ளை எந்த நிதியோ அந்த நிதியின் பில். 400 பேருக்கு 9,86,800 டாலர்.

சண்டை வருவது பொதுச் செலவில். சம்பளப் பட்டியல் போடுபவர், வேலை இடங்களைச் சுற்றிப் பார்ப்பவர்கள், முதல்நாள் பயிற்சிக்கு வாடகை மண்டபம், எல்லாம் சேர்த்து 1,80,000 டாலர் என்று வையுங்கள். மூன்று அலுவலகங்களும் போட்ட ஒப்பந்தத்தில் தலைக்கணக்குப்படி வியோவா 25, டானிஃப் 55, நகரம் 20 சதவீதம் என்று எழுதியாகிவிட்டது: 45,000, 99,000, 36,000. கோடை முடிகிறது. வியோவாவில் சேர்ந்தது 70 பேர்தான், டானிஃபில் 230, நகரம் 80. உண்மையான பங்கு இப்போது 33,158, 1,08,947, 37,895. கவுண்டி ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். அதன் ஒப்பந்த உச்சவரம்பு 99,000இல் நிற்கிறது. இந்த இடத்தில் கை தானாகப் பழைய 25, 55, 20க்கே போகும். போகக் கூடாது. மத்திய மானிய விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: யாருக்கு எவ்வளவு பயனோ அந்த விகிதத்தில்தான் செலவு, ஒரு மானியத்தில் விழுந்த துண்டை இன்னொரு மானியத்தில் ஏற்றக் கூடாது, பட்ஜெட் மதிப்பீட்டை மட்டும் காட்டிச் சம்பளச் செலவைப் பில் போட முடியாது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு வரி சேர்க்க வேண்டும். கோடை முடிந்த 30 அல்லது 45 நாளில் உண்மை எண்ணிக்கைப்படி கணக்கு நேர் செய்யப்படும் என்பது ஒன்று. வரம்பைத் தாண்டும் மிச்சத்தை எந்த நிதி தாங்கும் என்பது இன்னொன்று. பெரும்பாலும் அது நகரத்தின் பொதுநிதியாகத்தான் இருக்கும். அதனால்தான் அதைக் கடைசிவரை வைத்திருக்கச் சொன்னேன்.

எல்லாப் பொதுச் செலவுக்கும் தலைக்கணக்கு பொருந்தாது. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 15 மணி, பெரியவர்களுக்கு 25 மணி என்று வைத்திருந்தால், தலைக்கணக்கில் சிறியவர்களின் நிதி கூடுதலாகச் சுமக்கும். வேலை இடத்தைப் பார்வையிடும் செலவுக்கு வேலை செய்த மணிக்கணக்கே நியாயம். அந்த எண் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது, தனியாகச் சேகரிக்க வேண்டியதில்லை. சம்பளம் போடும் செலவு மணியைப் பொறுத்ததல்ல, எத்தனை காசோலை போட்டோம் என்பதைப் பொறுத்தது. தகுதி சரிபார்க்கும் வேலையையோ பொதுச் செலவில் போடவே கூடாது. வியோவா கோப்புக்கு மதிப்பீடும் தனிநபர் திட்டமும் வேண்டும். டானிஃபுக்குக் குடும்ப வருமானம் போதும். ஒரு கோப்புக்கு இரண்டு மணி, இன்னொன்றுக்கு இருபது நிமிடம் பிடிக்கிறது என்றால் அதைச் சமமாகப் பங்கு போடுவது கவுண்டியின் தலையில் மிளகாய் அரைப்பது. அந்த ஊழியர்கள் டைம் ஷீட்டில் நிதிவாரியாக நேரம் எழுதட்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து 8, 8, 8 என்று நிரப்பிய டைம் ஷீட்டைத் தணிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே பிள்ளை இரண்டு நிதியிலும் பதிவாகலாம். டானிஃப் சம்பளத்தைத் தரும், வியோவா பயிற்சி வகுப்பைத் தரும். தடை ஏதுமில்லை, ஒரே செலவு இரண்டு இடத்தில் பில் ஆகாதவரை.

மேல்செலவு விகிதத்தையும், அதாவது அலுவலக வாடகை, கணக்கு வேலை போன்ற பொதுவான செலவுக்காக மானியத்தில் எடுக்கும் சதவீதத்தையும், பேசி முடித்துக்கொள்ளுங்கள். அரசிடம் பேசித் தனி விகிதம் வாங்காத அமைப்புகள் 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதம் வரை எடுக்கலாம், முன்பு 10. பிள்ளைகளின் சம்பளம் அந்தக் கணக்கின் அடித்தளத்தில் சேருமா, சேராதா? பங்கேற்பாளருக்கான உதவித்தொகை என்றால் வெளியே, ஊழியர் சம்பளம் என்றால் உள்ளே. நம் உதாரணத்தில் அந்த ஒரு வித்தியாசம் 1,48,020 டாலர். நேர்மையான அமைப்புகள்கூட இதில் தங்களுக்குச் சாதகமான அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். குற்றம் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாதவர் தவறு அது.

அடுத்தது ரொக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் ஆறு வாரத்தில் மூன்று சம்பளம். கவுண்டியோ இன்வாய்ஸ் கிடைத்து 30 முதல் 60 நாளில் பணம் தரும். முதல் டாலர் திரும்பி வருவதற்குள் கிட்டத்தட்டப் பத்து லட்சமும் வெளியே போயிருக்கும். சம்பளப் பட்டியலைச் சிறிய தொண்டு நிறுவனத்தின் கையில் கொடுத்தால் மூன்றாவது சம்பளத்தில் அதற்கு மூச்சு முட்டும். மத்திய விதிகள் முன்பணத்தை அனுமதிக்கின்றன. அதைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது நகரமே முதலில் போட வேண்டும். இதை மே மாதத்துக்குள் முடிவு செய்யாத திட்டத்தில் காசோலை தாமதமாகும். முதல் வேலையில் முதல் சம்பளமே தள்ளிப்போனால் அந்தப் பிள்ளையை மறுபடி பிடிக்க முடியாது.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. வியோவாவின் திட்ட ஆண்டும் பல மாநிலங்கள், நகரங்களின் நிதியாண்டும் ஜூலை 1இல் தொடங்கும். மத்திய அரசின் ஆண்டு அக்டோபர் 1இல். ஜூன் 24இல் வேலை ஆரம்பித்து ஜூலை 8இல் காசோலை வந்தால், ஜூன் கடைசி வாரத்து உழைப்பு பழைய ஆண்டின் செலவு. அந்த ஒரு வாரத்துக்காகப் பழைய ஒப்பந்தத்தைத் திறந்து வைத்திருப்பதைவிட, முடிந்தால் ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டு வாரம் வேலை செய்த பிறகு ஒரு பிள்ளைக்கு டானிஃப் தகுதி இல்லை என்று தெரியவந்தால்? செய்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கவுண்டியிடம் கேட்க முடியாது. நூற்றுக்கு மூன்று நான்கு பேராவது இப்படி வருவார்கள் என்று வைத்து நகர நிதியில் இடம் ஒதுக்குவது என் யோசனை. தகுதி பார்க்கப் பட்டியலைப் பரிமாறும்போது, கவுண்டி தன் முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டியதில்லை. திட்ட அலுவலகம் பெயரும் பிறந்த தேதியும் அனுப்பட்டும், கவுண்டி “ஆம்”, “இல்லை” மட்டும் எழுதித் திருப்பட்டும்.

கடைசியாக, கோடை முடிந்து ஒப்பந்தமும் மூடியபின் வரும் செலவுகள். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள் ஜனவரி 31க்குள் போக வேண்டும். 400 பேரில் பலர் வீடு மாறியிருப்பார்கள், உறைகள் திரும்பி வரும், யாராவது உட்கார்ந்து தொலைபேசியில் தேட வேண்டும். விபத்துக் காப்பீட்டு நிறுவனம் சம்பளக் கணக்கைத் தணிக்கை செய்து கூடுதல் பிரீமியம் கேட்கலாம். மாற்றப்படாத காசோலைகள் வேறு கிடக்கும். வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளை 90 டாலர் கடைசிக் காசோலையை மேசை டிராயரில் மறந்துவிடும். செல்லாமல் போன காசோலையின் தொகையை அந்தந்த மானியக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும்; பிள்ளைக்குச் சேர வேண்டிய சம்பளம் என்பதால் யாரும் கேட்டு வராத பணத்தை மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் உரிமை கோராத சொத்துச் சட்டமும் குறுக்கே வரும். இதற்கெல்லாம் பிப்ரவரி வரை ஒரு பகுதிநேர ஆளின் சம்பளத்தைப் பொதுச் செலவுப் பட்டியலிலேயே எழுதி, மூன்று அலுவலகங்களிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.