பூநாரைகளின் ஊர்வலம்

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, டாம்பாவின் புஷ் கார்டன்ஸ் பூங்காவில் எடுத்த வீடியோ. பூநாரைகள் குச்சிக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, வரிசையாகப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் நடந்து போகின்றன. தள்ளுமுள்ளே இல்லை! எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம் ஃபுளோரிடாவின் பூங்காக்கள் புயலை எப்படிச் சமாளிக்கின்றன என்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். அங்கிருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகமான டிஸ்னி வேர்ல்ட் 1971-இல் திறந்தது. புயலுக்காக முதன்முதலில் மூடியதே 1999-இல், ஃபிளாய்ட் வந்தபோதுதான். 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்காக 9ஆம் தேதி மதியத்திலிருந்து அதன் பூங்காக்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். 11ஆம் தேதி திறந்துவிட்டார்கள்.

இந்த வேகம் சும்மா வரவில்லை. குடை, நாற்காலி, குப்பைத்தொட்டி என்று காற்றில் பறக்கக்கூடியதை எல்லாம் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைக்கிறார்கள், இல்லை கட்டி வைக்கிறார்கள். ஒரு ஊழியர் குழு புயல் இரவு முழுக்க அங்கேயே தங்குகிறது. காற்று ஓய்ந்ததும் முதலில் வெளியே வருவது அவர்கள்தான். எனக்குப் பிடித்தது டிஸ்னி வேர்ல்டின் வடிகால் கால்வாய்கள். அந்த இடம் பெரும்பாலும் சதுப்பு நிலம். தண்ணீர் ஏறினால் மிதவையின் விசையிலேயே மதகு திறந்துகொள்ளும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சரி, டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டையைப் புயல் வந்தால் கழற்றி வைத்துவிடுவார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறதே? சுத்தப் புரளி. 189 அடிக் கோட்டை, நின்ற இடத்திலேயே நிற்கிறது.