புதிய பொறியாளரைப் பழக்கும் முதல் ஆறு மாதம் யாருடைய பொறுப்பு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, புதிய இயந்திரவியல் பட்டதாரிகளை நேர்காணல் செய்யும் பொறுப்பும் உண்டு. நுண்ணிய அளவுகளை எடுக்கும் மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவை, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவைக் கேட்டால், 0.01 மி.மீ. என்று தயங்காமல் சொல்கிறார்கள். கருவியைக் கையில் கொடுத்து, கடைந்து முடித்த தண்டு ஒன்றின் விட்டத்தை அளக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். கருவி மூடியிருக்கும்போது சுழியம் காட்டாத பிழையான சுழிப்பிழையைப் பார்ப்பதில்லை; அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட் என்ற முனைத் திருகைத் திருகாமல், திம்பிள் என்ற சுழலும் உருளையையே இறுக்குகிறார்கள்; டிராயிங்கில் 25 ± 0.02 மி.மீ. (24.98 முதல் 25.02 வரை ஏற்கலாம்) என்றிருக்க, 25.03 காட்டும் தண்டையும் சரி என்கிறார்கள்.

இது அறிவுக் குறைவன்று. ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றிப் பலர் நிற்க, ஒருவர் அளந்ததை மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பார்கள். அதைவிடக் கவலை தருவது, எதிர்பார்த்த விடைக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்திக்கொள்ளும் பழக்கம். கல்லூரியில் அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இங்கே அப்படித் திருத்திய ஓர் எண்ணால், கழிக்கப்பட வேண்டிய பிரேக் பாகம் ஒரு வண்டியில் ஏறிவிடும். வந்த அளவை வந்தபடியே எழுதவும், தவறிய பாகத்தை உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லவும் துணிவதைத்தான் நான் முதல் தகுதியாகக் கருதுகிறேன். எங்கள் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அது இடம்பெறுவதே இல்லை.

நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். தாங்கள் பழக்கிவிட்ட புதியவர்கள் பெரிய ஆலைகள் உள்ள ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று சிறு முதலாளிகள் சொல்வது உண்மைதான். அதற்காகப் புதியவரிடமே இரண்டாண்டு அனுபவம் கேட்பது எவ்வகையில் நியாயம்? ஒவ்வொரு தொழிற்கூடத்தின் இயந்திரமும் வாடிக்கையாளரின் நிபந்தனையும் வேறு. அவற்றை எந்தக் கல்லூரியும் முன்கூட்டிக் கற்பித்துவிட முடியாது.

வேலையிடத்திலேயே பயிற்சி பெறுவோருக்கான 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சென்னைத் தரமணியிலேயே அதற்கான தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் இயங்குகிறது. எங்கள் தொழிற்கூடத்தில் அவ்வாறு பழகுநராகச் சேர்ந்தவர்களை முதல் சில வாரங்கள் உற்பத்திக் கணக்கில் சேர்க்காமல், அனுபவமிக்க ஆபரேட்டர் ஒருவரின் பக்கத்தில் நிறுத்தி அளக்க மட்டும் விடுகிறோம். நேர்காணலில் தடுமாறிய பலர் அதற்குள் டிராயிங்கைப் படித்துத் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.