ஊருக்கு ஊர் எடைக்கல்

ஜூலை 8, 2025, செவ்வாய் – வத்தலக்குண்டு

காலேஜ் முடித்து, தராசு சர்வீஸ் வேலையில் சேர்ந்து இன்றோடு நாற்பது நாள். தோளில் ஒரு பேட்டரித் தராசு, கைப்பையில் இரண்டு 5 கிலோ எடைக்கல். திண்டுக்கல்லில் பஸ் ஏறியதும் கண்டக்டர் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்னம்மா இது?"

"எடைக்கல்லுண்ணே. இரும்பு."

"ஏம்மா, வத்தலக்குண்டுல இரும்பே இல்லைன்னா இங்கருந்து தூக்கிட்டுப் போற?"

பஸ்ஸே சிரித்தது. இது முத்திரை போட்ட கல், கடைத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று இதை வைத்துத்தான் பார்ப்போம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆபீசரு. ஆபீசருக்கு லக்கேஜ் போடக் கூடாது" என்று டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

செம்பட்டியில் ஒரு அம்மா கத்திரிக்காய்ப் பையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் சொன்ன கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. கல்லைக் கேட்டு வாங்கி வலது கையில் பிடித்தார், இடது கையில் கத்திரிக்காய்ப் பை. கண்ணை மூடிக்கொண்டார். ஓடுகிற பஸ்ஸில் இரண்டு கையும் மெதுவாக மேலும் கீழும் போய் வந்தன.

"பை கூட. கால் கிலோ கூட."

போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். பஸ் குலுங்கினால் தராசில் எண் நிற்காது. அதனால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிமெண்ட் பெஞ்சில் தராசை வைத்துப் பையை ஏற்றினேன். 5.235. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "ஒரு தராசுல ஏமாந்தேன் பாப்பா, அதுக்கப்புறம் கையை நம்ப ஆரம்பிச்சேன். இப்ப உன் தராசு சரியாத்தான் காட்டுது" என்று எனக்கு முத்திரை குத்திவிட்டுப் போனார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இதுதான். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன் – கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது

பூண்டு வாங்கும் கடை ஒன்றில் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று புகார். கடையில் இருந்த 20 கிலோ கற்கள் ஐந்தையும் ஏற்றினேன். 99.950 என்று நின்றது. தராசில் பழுது ஒன்றும் இல்லை. சமவெளியில் சரிபார்த்ததை அப்படியே மலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் தராசு அளப்பது பூமியின் இழுப்பை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அந்த இழுப்பு ஒரு துளி குறைவு. இங்கேயே மறுபடி சரி செய்து கொடுத்தேன்.

இறங்கும் பஸ்ஸில் பூம்பாறைப் பெரியவர் ஒருவர், மலைப்பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறவர், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பழைய தட்டுத் தராசில் இந்தச் சிக்கல் கிடையாது, இரண்டு தட்டுக்கும் இழுப்பு ஒன்றாகவே குறையும் என்றதும் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அப்ப சரி செய்யாத தராசுல மேல வாங்கி, கீழ வித்தா லாபம்?"

"நூறு கிலோவுக்கு அம்பது கிராம் தாத்தா."

விரல் விட்டு எண்ணினார். "பஸ் சார்ஜுக்கே காணாது" என்று அந்த வியாபாரத்தை அங்கேயே முடித்துவிட்டார். இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை பேச்சில்லை. அப்புறம் திடீரென்று: "அப்ப நானும் கீழ போனா கனம் கூடுவனா?"

"அறுபது கிலோன்னா ஒரு முப்பது கிராம் கூடும்."

"அதான்! கீழ இறங்குனாலே முட்டி வலிக்குது. டாக்டருக்கு இது தெரியலை பாரு!"

முப்பது கிராமுக்கு முட்டி வலிக்காது என்று வத்தலக்குண்டு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் முன் சீட்டுக்காரருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 12, சனி – ராஜபாளையம்

மூன்று கடை. நல்ல மழை. யாரிடமும் பேசவில்லை, நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 16, புதன் – கோவில்பட்டி ரயில் நிலையம்

கடலைமிட்டாய்க் கடை வேலை சீக்கிரம் முடிந்தது. பிளாட்பாரத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து மாதப் பேத்தியை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டி வந்து நின்றார்.

"தாயி, இதுல பிள்ளையப் போடலாமா?"

தாராளமாக என்றேன். தராசு சரி என்று அவருக்குக் காட்டிவிட்டுத்தானே பிள்ளையை ஏற்ற வேண்டும், அதனால் 5 கிலோ கல்லை முதலில் வைத்தேன். 5.000.

"அந்தக் கல்லு சரின்னு யாரு பாத்தா?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு கடைக்காரர்கூட இதுவரை கேட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முத்திரை ஆய்வாளர் தன்னிடம் உள்ள கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் என்றேன்.

"அவுக கல்ல?"

"அதுக்கு மேல ஒரு கல் இருக்கு பாட்டி. அப்படியே போனா டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துல நம்ம நாட்டுக் கிலோ இருக்கு. 57-ஆம் நம்பர்."

"டெல்லிக் கல்ல?"

"பாரிஸ் பக்கத்துல ஒரு தாய்க்கல் இருந்துச்சு."

"இருந்துச்சா? இப்ப எங்க?"

"இப்பவும் பத்திரமா இருக்கு. ஆனா 2019 மே 20-லேருந்து கிலோவுக்குக் கல்லே கிடையாது. இயற்கையில மாறாத ஒரு எண்ணை வச்சுக் கணக்குதான்."

பாட்டி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "கல்லே இல்லாமயா இத்தனை கல்லு?" என்று கேட்டுவிட்டு, "சரி, கணக்கு சரியா இருந்தாச் சரி" என்று துண்டை விரித்தார். துண்டோடு பூஜ்யமாக்கிப் பிள்ளையை உட்கார வைத்தேன். அது என் ஸ்க்ரூடிரைவரை எட்டிப் பிடித்து ஆட்டியது. எண் தாவிக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு கடலைமிட்டாய்த் துண்டு ஒன்றைக் காட்டினேன். ஒரு நொடி அசையாமல் அதையே பார்த்தது. 7.815.

"ஏறியிருக்கு! போன மாசம் ஏழரை!" பாட்டி பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். முறுக்குக்காரர் கூடை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, ஒருத்தர் கையில் செருப்பு. கடைசியில் வந்த பெரியவர் தன் துணிப்பையை வைத்தார். 6.240 என்று சொன்னேன். அவர் நகரவில்லை.

"சீட்டு?"

அந்தக் காலத்து ஸ்டேஷன் மெஷினில் காசு போட்டால் அட்டைச் சீட்டு விழும், ஒரு பக்கம் எடை, மறு பக்கம் பலன். அது இல்லாமல் எடை பார்த்ததாகவே ஆகாதாம். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஒரு பக்கம் 6.240 கிலோ என்றும், திருப்பி 'பயணம் சுகமாக அமையும்' என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். அப்புறம் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"தேதி போடலையே தாயி."