சாமி கும்பிடுகிறவர்கள்தான் சந்தோஷமாக இருக்கிறார்களா?

2011 டிசம்பர் 30. தானே புயலில் பண்ருட்டி பக்கம் இருந்த பெரியப்பாவின் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அவர் கருப்புச் சட்டைக்காரர். அம்மாவோ பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர். கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளில் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். பெரியப்பா விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சாமி இருந்தால்தான் நிம்மதி போல என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வாரம் அவருடைய தோழர்கள் பத்துப் பேர் ரம்பமும் கோடாலியுமாக வந்து இறங்கினார்கள். விழுந்த மரங்களை அறுத்து அடுக்கிவிட்டு, சாயங்காலம் டீ குடிக்கும்போது பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

பியூ ஆய்வு மையத்தின் 2019 அறிக்கையைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்களில் 36 சதவீதம் பேர் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மதம் இருந்தும் அப்படிப் போகாதவர்களில் 25. மதமே இல்லாதவர்களிலும் அதே 25! அப்படியென்றால் நாலு பேரோடு சேர்ந்து உட்காருவதில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அம்மாவுக்குப் பிரதோஷக் கூட்டம் இன்னும் இருக்கிறது. பெரியப்பாவின் தோழர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கேயும் போவதில்லை நான். மஞ்சக்குப்பத்தில் அவரோடு டீ.